நாய்க்குப் புற்றுநோய் என்றால்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

‘புற்றுநோய்’ என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வீட்டில் இரண்டு கட்சி உண்டாகிவிடும். எவ்வளவு செலவானாலும் பார்த்துவிடலாம் என்று ஒரு கட்சி. வயசான ஜீவனை ஊசி குத்தி வதைக்க வேண்டாம் என்று இன்னொரு கட்சி. இரு தரப்புமே அந்த நாயை உயிராக நினைப்பவர்கள்தான். ஆனால் எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அப்போது யாருக்குமே தெரிந்திருக்காது. நாய்களுக்கு வரும் புற்றுகளில் ஆறு வார ஊசியில் அடியோடு போய்விடுவதும் உண்டு, எல்லாம் செய்தும் ஆறு மாதம் தாண்டாததும் உண்டு. அதனால் முதலில் நோயின் பெயர், அடுத்து நாயின் அன்றாடம், அதன் பிறகுதான் முடிவு. கீழே எழுதியிருக்கும் எல்லாமே இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முடிவெடுக்கும் முன்: செய்ய வேண்டியவை

• கட்டியின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். தொட்டுப் பார்த்து மட்டும் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வயதான லாப்ரடாரின் விலாவில் கைக்கு உருளுகிற கட்டி பெரும்பாலும் கொழுப்புக்கட்டி. அதற்கு ஒன்றும் செய்யவே வேண்டியிருக்காது. ஆனால் அதே மாதிரி மெத்தென்று இருந்துகொண்டு ஏமாற்றுகிற ‘மாஸ்ட் செல்’ கட்டி புற்று. இரண்டையும் பிரித்தறிய, சாதாரண ஊசியால் கட்டிக்குள்ளிருந்து செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மயக்க மருந்து வேண்டாம், சில நிமிட வேலை. அதில் தெளிவு கிடைக்காவிட்டால் ஒரு துண்டு எடுத்து பயாப்சி. எலும்பு என்றால் முதலில் எக்ஸ்ரே.

• பரவியிருக்கிறதா என்று பாருங்கள். முழு ரத்தப் பரிசோதனை, நெஞ்சுக்கு மூன்று கோணத்தில் எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன். பெரிய ஆபரேஷனுக்குச் சம்மதம் சொல்லும் முன் நுரையீரல் படம் கட்டாயம். அங்கே ஏற்கெனவே புள்ளிகள் தெரிந்தால் கேள்வியே மாறிவிடும்.

• கழுத்திலும் தொடையிலும் நெறி கட்டியிருந்தால் உண்ணிக் காய்ச்சலையும் சோதித்துவிடுங்கள். நம் ஊரில் இது முக்கியம். உண்ணிக் கடியால் வரும் ‘எர்லிக்கியா’ தொற்றிலும் நெறி கட்டும், நாய் மெலியும், மூக்கில் ரத்தம் வரும், ரத்தத் தட்டணுக்கள் குறையும். லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றும் ஆரம்பத்தில் கிட்டத்தட்ட இதே முகத்தோடுதான் வரும். ஒன்று மாத்திரையில் தீரக்கூடியது, மற்றது அப்படியல்ல. சில நாய்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதுண்டு.

• ‘சராசரி’ என்று சொல்லப்படும் மாதக்கணக்கைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பத்து மாதம் என்று டாக்டர் சொன்னால், அந்தச் சிகிச்சை பெற்ற நாய்களில் பாதி அதற்குக் குறைவாகவும் பாதி அதற்கு அதிகமாகவும் இருந்தன என்று அர்த்தம். உங்கள் நாய்க்கு யாரும் தேதி குறித்துக் கொடுக்கவில்லை.

• மூன்று கேள்விகளை எழுதியே எடுத்துப் போங்கள், ஏனென்றால் அந்த அறைக்குள் எல்லாமே மறந்துபோகும். இது குணமாக்குவதற்கான சிகிச்சையா, நோயைக் கொஞ்ச காலம் அடக்கி வைப்பதற்கா, வலியைக் குறைப்பதற்கா? சிகிச்சை நடக்கும் நாட்களில் என் நாய் எப்படி இருக்கும்? ஒன்றுமே செய்யாவிட்டால் முதலில் என்ன கெடும்? இந்த மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. கேட்க வேண்டும், பதில் வரும்வரை உட்காரவும் வேண்டும்.

• செலவை மொத்தமாகக் கேளுங்கள். ஒரு ஊசிக்கு எவ்வளவு என்பது பாதிக் கணக்குதான். ஒவ்வொரு முறையும் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, நடுவில் காய்ச்சல் வந்து இரண்டு நாள் டிரிப்ஸ் போட நேர்ந்தால் ஆகும் செலவு, போக்குவரத்து எல்லாம் சேர வேண்டும். 1903-இல் தொடங்கிய, வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் போன்ற அரசு போதனா மருத்துவமனைகளில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு, கூட்டமும் அதிகம். உங்களுக்குத் தேவையான சிகிச்சை அங்கே நடக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டு, வெயில் ஏறும் முன் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். சித்திரை வெயிலில் ஆட்டோவில் மூச்சிரைத்துக்கொண்டு வரும் நோயாளி நாய்க்கு அந்தப் பயணமே ஒரு நோய்.

எந்தப் புற்று, என்ன எதிர்பார்க்கலாம்

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெருநாய்களிடமும், வெளியே அவிழ்த்து விடப்படும் வீட்டு நாய்களிடமும் நம் பக்கம் நிறையப் பார்ப்பது டி.வி.டி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும், இணை சேரும்போது தொற்றுகிற புற்று. பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். பெண் நாய் என்றால் ‘ஹீட்’ என்று நினைத்து விட்டுவிடுவார்கள். முகர்ந்தும் நக்கியும் மூக்கிலும் தொற்றும். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய அதே புற்றுச் செல்கள்தான் இன்றுவரை நாய்க்கு நாய் தாவி உயிரோடு இருக்கின்றன. கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் இதற்கு வின்கிரிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒன்றாக, பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் போட்டால், மிகப் பெரும்பாலான நாய்கள் முழுசாகக் குணமாகிவிடும். ‘புற்றாம், பாவம், விட்டுவிடுங்கள்’ என்று இந்த நாய்களைக் கைவிடுவது என்னால் தாங்க முடியாத விஷயம். உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால், தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள்.

லிம்போமா வேறு கதை. பல மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோவுக்கு பத்தில் எட்டு ஒன்பது நாய்கள் நன்றாகவே இசையும். நெறிகள் ஓரிரு வாரத்தில் கரைந்துபோகும், நாய் பழையபடி வாசலுக்கு ஓடும். ஆனால் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். ‘பி செல்’ வகை என்றால் சராசரியாக ஒரு வருடம் ஒட்டி, ‘டி செல்’ வகை என்றால் அதைவிடக் குறைவு. சிகிச்சையே இல்லாவிட்டால் நாலைந்து வாரம். ஒரு வருடம் என்பது நமக்குச் சின்னதாகத் தெரியலாம், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும் பிராணிக்கு அது ஆயுளில் ஒரு பெரிய துண்டு.

ராட்வைலர், கிரேட் டேன் போன்ற பெரிய உடல் நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றுதான் மிகக் கடினமான முடிவைக் கேட்கும். முதலில் வெறும் நொண்டலாக இருக்கும். சுளுக்கு என்று மாதக்கணக்கில் மருந்து போகும். எலும்பே அரிக்கப்படுவதால் அந்த வலி மிகக் கொடியது. காலை எடுப்பது மட்டும் என்றால் சராசரி நாலைந்து மாதம், கூடவே கீமோவும் என்றால் பத்து மாதம் முதல் ஒரு வருடம். காலை எடுக்கவா என்று கேட்டதுமே நாம் பதறுகிறோம். நாய் பதறுவதில்லை. மற்ற மூன்று கால்களும் நல்லபடியாக இருந்து, உடல் பருமனும் இல்லாவிட்டால், சில நாட்களில் எழுந்து நடந்துவிடும். அந்தக் கால் அதற்கு ஏற்கெனவே வலியின் இருப்பிடமாக மட்டும்தான் இருந்தது.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி கெட்டவை. மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பல நாய்களுக்கு அந்த ஆபரேஷனே போதும். ஒரு விதிவிலக்கு: மடி முழுக்கச் சிவந்து, சூடாக, தொட்டால் கத்துகிற அளவுக்கு வலியோடு வீங்கியிருந்தால், அது அழற்சி வகைப் புற்றாக இருக்கலாம். அதற்குக் கத்தி வைப்பது நாய்க்கு எந்த நன்மையும் செய்யாது.

மண்ணீரல் கட்டி உடைந்தால் நாய் திடீரென்று சரிந்து விழும், ஈறு வெளுத்திருக்கும். அங்கே யோசிக்க ஒரு மணி நேரம்கூட இருக்காது. ரத்தக்குழாய்ப் புற்று என்று தெரிந்தால் ஆபரேஷன் மட்டும் செய்த நாய்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதம்தான். ஆனால் மண்ணீரலில் வரும் எல்லாக் கட்டியும் புற்று அல்ல என்பதால், நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்து, நாய்க்கும் தெம்பு இருந்தால் ஆபரேஷனுக்குத் துணியலாம் என்பது என் கருத்து.

முடிவெடுக்கும் முன்: செய்யக்கூடாதவை

• பெயர் தெரியும் முன் ஸ்டீராய்டு போட ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரெட்னிசோலோன் கொடுத்தால் லிம்போமா நெறிகள் சில நாளில் சுருங்கும், நாய் தட்டைக் காலி செய்யும், எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அதன் பிறகு எடுக்கும் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம்; கீமோவுக்குக் கட்டுப்படும் தன்மையும் குறைந்துவிடும். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் காரியங்களில் நாயின் வாய்ப்பை மிக அதிகமாகக் கெடுப்பது இதுதான்.

• வீட்டு மருந்துப் பெட்டியில் கை வைக்காதீர்கள். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் வேண்டாம். டாக்டர் தரும் வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் ஒரே சமயத்தில் கொடுக்கக் கூடாது. இரைப்பை புண்ணாகி ஓட்டை விழும். இரண்டு டாக்டர்களைப் பார்ப்பவர்களுக்கு இது எளிதில் நடந்துவிடும். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

• நித்தியகல்யாணி இலையை வேகவைத்து ஊற்றாதீர்கள். சுடுகாட்டுப்பூ என்றும் சொல்வோமே, அந்தச் செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் எடுக்கப்படுகிறது, இது உண்மை. தென் மாவட்டங்களில் வயலில் பயிரிட்டு மருந்துக்கு விற்கவும் செய்கிறார்கள். ஆனால் இருபது கிலோ நாய்க்கு ஒரு வாரத்துக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ அரை மில்லிகிராம். ஊசி நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசையே அழுகிவிடும்; அவ்வளவு கடுமையான மருந்து அது. கஷாயத்தில் எந்த மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

• ‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்ற பேச்சுக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளாதீர்கள். சிறுநீர்ப்பைக் கட்டி போன்ற ஓரிரு இடங்களில்தான் அந்தக் கவனம் தேவை, அது டாக்டருக்குத் தெரியும். வளர்ந்துகொண்டே போகும் கட்டியைப் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று வைத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து.

• எடுத்த கட்டியைக் குப்பைக்குப் போகவிடாதீர்கள். ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அது என்ன வகை, ஓரங்கள் சுத்தமா, இன்னொரு ஆபரேஷன் தேவையா என்பதெல்லாம் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது.

• வயதை மட்டும் பார்த்து மறுக்காதீர்கள். இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கும் பதினொரு வயது நாய், அவை கெட்டுப்போன ஏழு வயது நாயைவிடச் சிகிச்சையைத் தாங்கும்.

• கீமோ எடுத்த அத்தை பட்ட பாட்டை நாயின் மேல் ஏற்றாதீர்கள். மனிதர்களுக்குக் கீமோ கொடுக்கும்போது குறி, நோயை வேரோடு அறுப்பது; அதற்காகக் கடுமையான அளவு. நாய்களுக்குக் குறி, இருக்கும் நாட்களை நன்றாக வைப்பது. அதனால் அளவும் குறைவு. பெரும்பாலான நாய்களுக்கு ஓரிரு நாள் வாந்தி, பேதி, சோர்வு, அவ்வளவோடு போய்விடும். முடி பொதுவாகக் கொட்டாது. பூடில், ஷி ட்சு போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குக் கொட்டும்; மற்றவை மீசையை இழக்கலாம்.

• ‘நாய்க்குப் போய் இவ்வளவா’ என்பவர்களோடு வாதாடிச் சக்தியை வீணாக்காதீர்கள். அதே சமயம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையோ தாலிச் சங்கிலியையோ வைத்துக் கீமோ செய்யாததற்காகக் குறுகவும் வேண்டாம். கையில் பணமில்லாதவரின் பாசம் குறைந்த பாசமல்ல.

சிகிச்சை என்று முடிவானால்

• முதல் ஊசிக்கு முன்பே, எப்போது நிறுத்துவோம் என்று எழுதி வையுங்கள். இரண்டு சுற்றுக்குப் பின்னும் கட்டி சுருங்கவில்லை என்றால். தொடர்ந்து இத்தனை நாள் சாப்பிடவில்லை என்றால். இதற்கு மேல் பணம் இல்லை என்றால். சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போது ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று மனசு இழுக்கும். தெளிவான நாளில் எழுதிய காகிதம் அப்போது உங்களுக்குத் துணை.

• தெர்மாமீட்டர் வாங்கி, ஆசனவாயில் வைத்துப் பார்க்கப் பழகுங்கள். மூக்கைத் தொட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. நாய்க்கு இயல்பான சூடு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை. கீமோ போட்ட ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். அப்போது 103 தாண்டினால் நடுராத்திரி என்றாலும் டாக்டரை எழுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு யார் போனை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

• ஊசி போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் சிறுநீர், மலம், வாந்தி எதையும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த வேலைக்கு வரவே கூடாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

• பச்சை இறைச்சி கூடாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பு அதிலுள்ள கிருமியைத் தாங்காது. தயிர்சாதமோ, வெந்த கோழியோ, எது இறங்குகிறதோ அது. பட்டினி போட்டால் புற்று சாகும் என்பவர்களின் பேச்சு வேண்டாம். வெங்காயம் போட்ட குழம்பும் பிரியாணியும் எப்போதும் போலவே கூடாது.

• ‘காலி’ (Collie) இனமா, அது கலந்த நாயா என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் கோளாறு இருப்பதால் வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் வழக்கமான அளவிலேயே விஷமாகும்.

சிகிச்சை வேண்டாம் என்று முடிவானால்

• அதை ‘ஒன்றும் செய்யாமல் விடுவது’ என்று சொல்லாதீர்கள், அப்படி விடவும் செய்யாதீர்கள். வலிக்கு மருந்து, குமட்டலுக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, வழுக்காத தரைக்கு ஒரு கோணி விரிப்பு. இதுவும் சிகிச்சைதான், இதற்கும் டாக்டர் வேண்டும். லிம்போமாவுக்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்து ஒன்றிரண்டு மாதம் சௌகரியமாக வைத்திருப்பது இந்த இடத்தில் நியாயமான வழி. கீமோ வேண்டாம் என்று உறுதியான பிறகுதான் அது.

• தினசரிக் காலண்டர் தாளில் ஒவ்வொரு ராத்திரியும் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறியுங்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் தொடரலாம். நாயைத் தினமும் சுத்தம் செய்பவரே மதிப்பெண் போடட்டும். தூரத்து ஊரிலிருந்து வீடியோவில் பார்ப்பவருக்கு அது வாலாட்டுவது மட்டும்தான் தெரியும்.

• வாலாட்டுகிறது என்பதால் வலி இல்லை என்று நினைக்காதீர்கள். படுத்த இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது, ராத்திரியில் மூச்சிரைப்பது, மூலையில் ஒதுங்குவது, தொட்டால் திரும்பிப் பார்ப்பது: நாய் வலியைச் சொல்வது இப்படித்தான்.

கடைசி முடிவில்

• ‘தானாகப் போகட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைப்பதை நம் வீடுகளில் பாவம் என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எலும்புப் புற்றோ நுரையீரலில் பரவிய புற்றோ உள்ள நாய் தானாகப் போவது உறக்கம் போல இருக்காது. மூச்சுக்குத் திணறித்தான் போகும். நம்மால் தடுக்க முடிகிற வேதனை அது.

• டாக்டரிடம் செய்முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மயக்க ஊசி, நாய் தூங்கிய பிறகு அதிக அளவு மயக்கமருந்து நரம்பில். கண் மூடாது, கடைசியில் ஒரு மூச்சு இழுக்கலாம், சிறுநீர் கழியலாம். அது வலியல்ல. முன்பே தெரிந்திருந்தால் பக்கத்தில் இருக்க முடியும், இருங்கள். முடிந்தால் டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். அடக்கம் எங்கே என்பதையும் அதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

• குழந்தைகளிடம் ‘ஊருக்குப் போயிருக்கு’ என்று சொல்லாதீர்கள். வாசலில் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

• மிச்சமான கீமோ மாத்திரைகளைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல் மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

• வீட்டில் இன்னொரு பெண் நாய் இருந்தால் அதன் கருத்தடையைப் பற்றி இப்போதே பேசுங்கள். முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் மடிப்புற்று வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு, ஒவ்வொரு ஹீட் கடக்கக் கடக்க அந்தப் பாதுகாப்பு தேய்ந்துகொண்டே வரும் என்பது 1969-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து சொல்லப்பட்டு வருவது. பெரிய இன நாய்களுக்கு மூட்டு வளர்ச்சியையும் பார்க்க வேண்டும் என்பதால் எந்த வயதில் என்பதை டாக்டரோடு முடிவு செய்யுங்கள். குளிப்பாட்டும்போதெல்லாம் கழுத்திலிருந்து மடிவரை விரலால் தடவிப் பாருங்கள். கடலை அளவில் ஒன்று தட்டுப்பட்டால் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.